செல்கள் காத்திருக்காது என்று ஓடிய காலை

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், நானும் அக்காவும் வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்து இருந்தோம். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடவேண்டும். நான் ஒரு ஆய்வுகூடத்தில் உதவியாளர். எலியின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை எடுத்து, கடற்பாசிப் பசையில் கலந்து, ஊசிமுனையால் சொட்டுச் சொட்டாகக் கல்சியக் கரைசலில் விடுவோம். ஒவ்வொரு சொட்டும் சவ்வரிசி போல ஒரு ஜெல் மணியாகும். செல்கள் உள்ளே உயிரோடிருக்கும். இன்னொரு எலிக்குள் வைத்தாலும், ஜெல் மறைத்துக்கொள்வதால் அதன் உடம்பு அவற்றை அந்நியமென்று அழிக்காது. என்றாவது அக்காவுக்கும் இப்படி வைக்கலாம் என்று எனக்கொரு நப்பாசை.

அன்று விடியவே தமிழர் தங்கும் அறைகளில் பொலிஸின் சுற்றிவளைப்பு. அக்கா ஊசி போடுமுன்பே எல்லோரையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. பயப்படக்கூடத் தெம்பில்லை, அலுப்புத்தான். ஒன்பது மணிக்கு வேலைக்கடிதத்தைப் பார்த்து என்னை விட்டார்கள். அக்காவின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி; அந்தக் காலத்தில் சந்தேகப்பட அதுவே போதும். அவளை இருக்கச் சொன்னார்கள். முதல்நாள் எடுத்த செல்களை அன்றே மணியாக்காவிட்டால் செத்துவிடும். நான் தயங்கினேன்.

"நீ போ. உன்ர செல்லெல்லாம் செத்துப்போகும். நான் இங்கயிருந்து எங்க ஓடப்போறன்?" என்றாள் அக்கா.

கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுவார்கள், அறைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

மணிகள் அழகாகத்தான் வந்தன. கழுவும்போதுதான் கெட்டது. களைப்பில் உப்புக்கரைசல் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த சிட்ரேட் போத்தலை எடுத்து ஊற்றிவிட்டேன். அது ஜெல்லில் உள்ள கல்சியத்தை இழுத்துவிடும். நான் கவனித்தபோது மணிகள் குழைந்து கஞ்சித்தண்ணீராகிப் பாதி சிங்கில் போய்விட்டது.

அந்தச் செல்களுக்குப் பின்னால் என் சீனியரின் மூன்று மாத உழைப்பு இருந்தது. மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பெண், அதிகம் கதைக்கமாட்டாள். வாங்கிக்கட்டத் தயாராக நின்றேன். அவளோ என் முகத்தைப் பார்த்து, காலையில் என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். அக்கா ஊசி போடவில்லை என்று சொல்லும்போதுதான் அது எவ்வளவு ஆபத்து என்று எனக்கே உறைத்தது.

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சிங்களத்தில் சொன்னாள்: "செல் திரும்ப எடுக்கலாம். மருந்து எங்கே இருக்கு?"

ஓட்டோ பிடித்து அறைக்குப் போய், மருந்தையும் அக்கா சாப்பிடக் கொஞ்சம் பாணையும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடினோம். ஊசியைக் கண்டதும் வாசலிலேயே மறித்துவிட்டார்கள். சீனியர் தன் அடையாள அட்டையை மேசையில் வைத்து, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது நடந்தால் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்று நின்ற இடத்தை விட்டு அசையாமல் வாதாடினாள். உள்ளே போனபோது மதியம் ஒரு மணி. அக்கா வாங்குப் பலகையில் சரிந்து கிடந்தாள். இரண்டு தடவை சத்தி எடுத்திருந்தாளாம். நான் அக்காவைத் தூக்கிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். எலிகளுக்குப் போட்டுப் பழகிய கையால் சீனியரே ஊசியைப் போட்டுவிட்டாள்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். மணிகள் கரைந்த கதையைச் சீனியர் பேராசிரியரிடம் என் பெயரில் சொல்லவேயில்லை. அந்தப் பிழைக்காக என்னை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். ஆனால் அக்காவுக்காகவே அந்த வேலைக்குப் போன நான், அவளை ஊசியில்லாமல் வாங்கில் இருத்திவிட்டு எலியின் செல்லைக் காப்பாற்ற ஓடினேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் அவள் முகத்தை நேரே பார்க்கக் கூசுகிறது.