வெயிலில் பெருகிய ஆறு

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம். இங்கே குலசேகரத்தில் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தபோது, நானும் என் வீட்டுக்காரரும் கனடாவின் வடக்குக் கோடியில் எங்கள் மகள் வீட்டில் இருந்தோம். அவள் அங்கே நர்ஸ். மருமகனுக்கும் அந்த ஊரிலேயே வேலை. போய் ஐந்து வருஷமாகியும் அவள் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. முதலில் விசா என்றாள், பிறகு லீவு இல்லை என்றாள், அப்புறம் குழந்தை வந்துவிட்டது.

நான் மார்த்தாண்டத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் என் முதல் பேச்சே, "எப்ப வாற மக்களே?" என்பதுதான். "வாறேன்ம்மா, நேரம் வரட்டு" என்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "என்னைக் கொண்டு போட்ட பெறவு வருவியா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிடுவேன். அப்புறம் சோறு இறங்காது.

கடைசியில் நாங்களே போவது என்று முடிவானது. என் வீட்டுக்காரர், "மே மாசம் போவோம், இங்க சூடு தாங்கல்ல" என்றார். மகள் போனிலேயே சிரித்தாள்.

"மே மாசம் இங்க ஏரியெல்லாம் உறைஞ்சு கெடக்கும்ப்பா. காட்டுப் பார்க்குக்குப் போற ரோட்டையே தொறக்க மாட்டாங்க. ஆகஸ்ட் முடிஞ்சா மறுபடியும் குளிரு வந்துரும். ஜூலையில வாங்க. பூவெல்லாம் பூத்திருக்கும், வெயிலும் இருக்கும்."

ஜூலை அவருக்கும் தோதுதான். எங்களுக்கு ரப்பர் மரம் கொஞ்சம் உண்டு. மழைக்காலத்தில் பால் வெட்டு கிடையாது, மனுஷன் வீட்டில் உட்கார்ந்து என்னிடம் வம்புக்கு நிற்பார். அதற்கு விமானம் ஏறுவது மேல் என்று கிளம்பினோம்.

அந்த ஊரில் ஜூலையில் ராத்திரி என்று ஒன்று பேருக்குத்தான். சூரியன் மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துவிட்டு உடனே திரும்பி வந்துவிடும். எப்போது பார்த்தாலும் சாயங்காலம் மாதிரியே ஒரு வெளிச்சம். முதல் இரண்டு நாள் எப்போது தூங்குவது, எப்போது எழுந்து பல் தேய்ப்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

மருமகனுக்கு வேலை இருந்ததால், ஒருநாள் மகள் எங்களையும் குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்தக் காட்டுப் பூங்காவுக்குப் போனாள். வீடு இல்லை, கடை இல்லை, போன் சிக்னல் இல்லை. தலையில் ஐஸ் கட்டிய மலைகளும் குட்டை மரங்களும் தரையோடு தரையாகப் பூத்த ஊதாப் பூக்களுமாகக் கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடந்தது. கார் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கூழாங்கல் விரிந்த ஒரு பெரிய வெளி. அதன் நடுவே கணுக்கால் நனைகிற அளவுக்கு ஓர் ஓடை. அக்கரையில் கொஞ்ச தூரம் நடந்தால் மலையிலிருந்து இறங்கி நிற்கிற நீல ஐஸைப் பக்கத்தில் பார்க்கலாம் என்றாள் மகள்.

குழந்தை காரில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டு சட்டுனு வாங்க. திங்கிற சாதனம் ஒண்ணும் கையில எடுக்காண்டாம். கரடி மணம் பிடிச்சு வரும்" என்றாள். நான் மரச்சீனிக் கிழங்கு வற்றல், கருப்பட்டி என்று ஊரிலிருந்து கொண்டுபோன பையைக் காரிலேயே வைத்தேன். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. காலையில் ஊசி போட்டு, இட்லியும் தின்றிருந்தார். சட்டென்று வந்துவிடப் போகிறோம், அப்புறம் என்ன?

ஓடையில் கால் வைப்பதற்கு முன்னால் அவர் நிமிர்ந்து மலையைப் பார்த்தார். கோதையாற்றுப் பக்கம் பிறந்த எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. எங்கள் ஊரில் குளிக்க இறங்குகிறவன் தண்ணீரைப் பார்க்க மாட்டான், மலையைப் பார்ப்பான். மலை கறுத்தால் வெள்ளம் வரும் என்று துணியைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிடுவான். மலை தெளிந்திருந்தால் நாள் முழுக்கக் கிடந்து குளிப்பான்.

அன்று வானத்தில் மேகம் மருந்துக்குக்கூட இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. "மலை தெளிஞ்சு கெடக்கு. பேடிக்காண்டாம், வாட்டி" என்று தைரியம் சொல்லி, என் கையைப் பிடித்துக் கடத்திவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஐஸைப் பார்த்தோம். தொட்டோம். அவர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கச் சொன்னார், நான் எடுத்தது சரியில்லை என்று மறுபடியும் எடுக்கச் சொன்னார். அப்புறம் பூக்கள். அப்புறம் ஒரு பாறையில் உட்கார்ந்து ஊர்க் கதை. சூரியன் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருந்தது. மத்தியானம் எப்போது போனது என்றே தெரியவில்லை. வயிறு இரைந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. வாட்ச்சைப் பார்த்தால் சாயங்காலமாகியிருந்தது.

வேகமாகத் திரும்பி வந்தோம். தூரத்திலேயே ஒரு இரைச்சல் கேட்டது. கிட்டே வந்து பார்த்தால், காலையில் தாண்டிய ஓடையைக் காணோம். அந்த இடத்தில் சிமெண்ட் கரைத்த மாதிரி ஒரு ஆறு, அடியில் கல் உருளுகிற சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. இரண்டு பஸ்ஸை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு அகலம்.

அவர் முதலில் வானத்தைப் பார்த்தார். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "மழையே பெய்யல்லியே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கரையில் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கை வீசி ஏதோ கத்தினாள். இரைச்சலில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. அவர் செருப்பைக் கழற்றினார். "நான் பாக்காத ஆறா, நீந்திப் போய் ஆளைக் கூட்டிட்டு வாறேன்" என்றார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "அறுபது வயசுல நீச்சலடிக்கப் போறீரோ? நீர் போனா உம்மைத் தேடி நான் கடலுக்கா போவேன்? இருந்த இடத்துல இரும்" என்று கத்தினேன். வழக்கமாக என் ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு திருப்பிக் கொடுக்கிறவர் அன்று அப்படியே கல்லில் சாய்ந்தார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் குளிர்காற்றிலும் நெற்றியில் வியர்வை. விரல்கள் நடுங்கின. சர்க்கரை இறங்குகிறது.

கைப்பையைக் கவிழ்த்தேன். ஒரு மிட்டாய்கூட இல்லை. ஊரில் என்றால் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பேன் அந்தப் பையில். கரடிக்குப் பயந்து எல்லாவற்றையும் காரில் எடுத்து வைத்திருந்தேன்.

மகள் நர்ஸ் இல்லையா? அப்பா கல்லில் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவளுக்கும் விளங்கிவிட்டது. குழந்தையைக் காரில் கொண்டுபோய் வைத்தாள். ஷூவைக் கழற்றினாள். கருப்பட்டிப் பொட்டலத்தைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்து வந்தாள்.

ஐயோ, அந்த நிமிஷம்! இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் மகள், காருக்குள் பச்சைப் பிள்ளை. நான் கரை விளிம்புவரை ஓடினேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வராதே வராதே என்று ஆட்டினேன். அவள் முழங்கால்வரை இறங்கிவிட்டாள். நான் அவளைப் பார்த்துத் தலைக்கு மேல் கை கூப்பினேன். பெற்ற பிள்ளையைப் பார்த்து அப்படிக் கும்பிட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அவள் நின்றாள். அழுதுகொண்டே பின்னால் போனாள்.

ஐந்து வருஷமாக வா வா என்று அவளைப் போனில் பிடுங்கி எடுத்தவள் நான். அன்று அவள் வராமல் இருக்க வேண்டுமே என்று உலகத்துத் தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கரையில் ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும், எங்கள் வயசுதான் இருக்கும். மகள் ஓடிப்போய் அவர்களிடம் சொல்வது தெரிந்தது. அந்த மனுஷர் அவசரப்படவே இல்லை. வேனுக்குள்ளிருந்து தூண்டில் கம்பை எடுத்து வந்தார். ஏரியில் மீன் பிடிக்க வந்தவராம். நுனியில் ஈயக் குண்டைக் கட்டி வீசினார். முதல் வீச்சு ஆற்றில் விழுந்தது. அடுத்தது எனக்குப் பின்னால் கல்லில் வந்து விழுந்தது. பாய்ந்து பிடித்தேன். நாற்பது வருஷம் நூலோடு கிடந்த கை, அந்தத் தூண்டில் நரம்பை விடுமா? அவர் அதன் மறுபக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட, நான் இழுத்தேன். பை தண்ணீரில் முங்கி முங்கி வந்து சேர்ந்தது. உள்ளே எங்கள் கருப்பட்டி.

என் வீட்டுக்காரர் வாயில் ஒரு துண்டை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. "இன்னொரு துண்டு இருந்தா தா" என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

அதே வழியில் ரொட்டியும் கம்பளிக் குல்லாயும் கொசுவுக்குப் பூசுகிற களிம்பும் வந்தன. பிறகு அந்த மனுஷர் எங்களுக்குக் கையால் பாடம் நடத்தினார். சூரியனைக் காட்டினார், ஐஸைக் காட்டினார், கையை மேலே தூக்கினார். அப்புறம் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துத் தூங்குகிற மாதிரி காட்டி, தண்ணீரைக் கீழே கீழே இறக்கினார். என் வீட்டுக்காரர் அதை வெறித்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது மழை வெள்ளம் இல்ல கேட்டியா, வெயில் வெள்ளம்" என்றார். வெயில் ஏற ஏற ஐஸ் உருகி, சாயங்காலம் ஆறு பெருகும். குளிர்ந்தால் வடியும். எங்களுக்குத் தைரியம் கொடுத்த அந்தத் தெளிந்த வானம்தான் ஆற்றைப் பெருக்கியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீர் விளிம்பில் வைத்தார். ஊரில் ஆறு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அப்படித்தான் வைப்போம். பிறகு ஒருவருக்கொருவர் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். கொசு பிய்த்துத் தின்றது. அக்கரையில் அந்த அம்மாள் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். மகள் ஒரு நிமிஷம்கூட எங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ராத்திரி என்று சொல்லப்பட்ட அந்த வெளிச்சம் முழுக்க, நான் அவளைப் பார்க்க, அவள் என்னைப் பார்க்க, அப்படியே போனது. அவளை நான் அத்தனை நேரம் வாய் பேசாமல் பார்த்ததே கிடையாது. பிள்ளை மெலிந்திருந்தாள். என்னை மாதிரியே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

விடியற்காலம் கல் கரையில் தனியாகக் கிடந்தது, தண்ணீர் அதைவிட்டு வெகுதூரம் இறங்கியிருந்தது. அந்த மனுஷர் கம்பை ஊன்றி இந்தப் பக்கம் வந்து, எங்கள் இருவரையும் கைபிடித்துக் கூட்டிப்போனார். முழங்கால்கூட நனையவில்லை. மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "நீ கும்பிட்டியேம்மா, அதான் நின்னேன்" என்றாள். அவர்கள் பேரைக்கூட நான் கேட்கவில்லை. மிச்சம் இருந்த கருப்பட்டியை அந்த அம்மாள் கையில் வைத்தேன்.

ஊருக்கு வந்தபின், அங்கே போக எந்த மாசம் நல்லது என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஜூலைதான், ஆனால் ஓடையைக் காலையிலேயே கடந்துவிட்டுக் காலையிலேயே திரும்பிவிடுங்கள் என்பேன். மகள் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. எப்ப வாற என்ற கேள்வி தொண்டைவரை வரும்போதெல்லாம் முழங்கால் தண்ணீரில் நின்ற அவள் முகம் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. "தண்ணி வடிஞ்ச பெறவு வந்தா போதும் மக்களே, நான் கரையிலதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகச் சோறு தின்னப் போகிறேன்.