மூன்றாம் பக்கமும் கடைசிப் பக்கமும்

வெளிநாட்டில் நாங்கள் இருந்த தீவுக்கென்று ஒரு பேப்பர் இருந்தது. கிழமைக்கு ஒருமுறை வரும், காசில்லை, தபால் பெட்டிக்குள் சுருட்டிச் செருகிவிட்டுப் போவார்கள். அதில் வருகிற செய்திகளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஃபெரி எஞ்சின் பழுதாகிச் சனம் துறையில் காய்ந்துகொண்டு நின்றது. யாருடையதோ ஆடு வேலி பாய்ந்து பக்கத்து வீட்டு ரோசாக்களைத் தின்றது. மண் றோட்டுக்குத் தார் போடுவதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் வாசகர் கடிதச் சண்டை. ஒருமுறை முதல் பக்கத்தில் ஒரு சேவலின் படம், அது விடிய முன்னம் கூவுகிறது என்று முறைப்பாடு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரில் சண்டை நடந்து, எங்கள் ஊர்ப் பேப்பரைத் திறக்கவே பயந்த காலம். இங்கே சேவலுக்கு முதல் பக்கம் கொடுக்கிறார்களே என்று நான் முணுமுணுப்பேன்.

மாமாவுக்கு அந்தப் பேப்பர் என்றால் உயிர். மாமா என்றால் என் கணவரின் தகப்பனார். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர். எங்களோடு இருக்க வந்திருந்தார். மாமிக்கு விசா இழுபட்டதால் அவர் கொழும்பில் மச்சாள், அதுதான் என் கணவரின் தங்கச்சி, வீட்டில் காத்திருந்தார். மாமா தேநீரும் கையுமாக வாசல் படியில் இருந்து பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிப்பார். வாசித்துவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

"இஞ்ச வா பிள்ளை, அந்த ஆட்டை இன்னும் பிடிக்கேல்லையாம்."

"பெரிய செய்திதான் மாமா."

"சிரிக்காதை. செய்திக்குப் பஞ்சம் பிடிச்ச ஊரிலை இருக்கக் குடுத்து வைக்கவேணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்புக்கு டெலிபோன் எடுப்போம். மாமியோடு மாமா கதைப்பது குடும்பக் கதை அல்ல. ஆட்டுக் கதை, சேவல் கதை, ஃபெரிக் கதை. தீவில் ஒருவரையும் கண்டிராத மாமிக்கு தீவின் வம்பு தும்பு எல்லாம் தெரிந்திருந்தது. "உங்கட ஆடு பிடிபட்டுதோ?" என்றுதான் என்னிடமே கேட்பார்.

தீவில் நாங்கள் குடியிருந்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை, அப்போது அங்கே வாடகை மலிவு. என் கணவர் விடிய எழும்பி ஃபெரி பிடித்து, அக்கரைப் பட்டணத்திலிருந்து பஸ் ஏறி மங்கரேயில் விமான நிலையச் சரக்குக் கிடங்குக்கு வேலைக்குப் போவார். நான் தீவின் கடைத்தெருவில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தேன். அந்தக் கோடை தொடங்குகிற நேரத்தில்தான் மாமாவுக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்தார்கள். வீட்டுக்கு வந்தபின் பாரம் தூக்கக்கூடாது, மேட்டில் ஏறக்கூடாது என்று கட்டளை. மனுசன் சும்மா இருப்பாரா? அக்கரையில் மாசி என்ற இடத்தில் இருந்த ஒரு மலேசியத் தமிழர் கொடுத்த புடலை விதையைப் பின்வளவில் ஊன்றிவிட்டார். நான்தான் பந்தல் போட்டேன். பிஞ்சு இறங்கியதும் நுனியில் நூலால் சின்னக் கல் ஒன்றைக் கட்டிவிட்டார், சுருளாமல் நேராக இறங்கட்டும் என்று. அது இறங்கிக்கொண்டே போனது. தீவில் வருசா வருசம் நடக்கிற தோட்டக் கண்காட்சியில் மிக நீளமான மரக்கறிக்கும் ஒரு பரிசு உண்டென்று பேப்பரில் வாசித்த நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை, மாமா நித்திரையாக இருந்த நேரம், மச்சாள் டெலிபோனில் அழுதார். மாமி போய்விட்டார். காலையில் குளித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

"அண்ணா, அப்பாவுக்கு இப்ப சொல்லிப்போடாதை. நெஞ்சு தாங்காது. அவரையும் பறிகுடுக்க ஏலாது," என்றார் மச்சாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் மாமாவைத் திரும்பச் சோதித்துப் பார்க்க இருந்தார்கள். டொக்டரிடம் கேட்டு, அங்கேயே வைத்துச் சொல்லுவோம் என்று கணவர் முடிவெடுத்தார். கொழும்பில் செத்தவீட்டை மச்சாளே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. எங்களில் அது ஒரு முறை. பிள்ளைப்பேற்றுக்கு இருக்கிறவளுக்கும், சோதனை எழுதப் போகிற பிள்ளைக்கும், ஒப்பரேசன் செய்து கிடக்கிறவருக்கும் சாவுச் செய்தியை உடனே சொல்ல மாட்டோம். அதற்கு ஊரே ஒத்துழைக்கும். யாரும் யாரிடமும் "சொல்லிப்போடாதையுங்கோ" என்று கேட்கத் தேவையில்லை. மீன் விற்க வருகிறவர்கூட ஒன்றும் தெரியாதவர் மாதிரி விலை சொல்லிவிட்டுப் போவார்.

வெள்ளிக்கிழமை கடையின் பின்பக்கத்தில் வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டு நின்று அழுதேன். கடைக்காரப் பெண்மணி கண்டுவிட்டு வந்து தோளில் கை வைத்தார். நல்ல மனுசி. மாமி செத்துவிட்டதைச் சொன்னேன். மாமாவுக்குச் சொல்லவில்லை என்பதைச் சொல்லவில்லை. மறந்து அல்ல. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை மாமா வெள்ளைச் சேட்டும் நீலக் காற்சட்டையும் போட்டு, புடலங்காயை ஈரத்துணியில் சுற்றிக் குழந்தையை ஏந்துவதுபோல் காருக்குக் கொண்டுவந்தார். போகவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? கணவர் கண்காட்சிக்குள் வரவில்லை. கார் நிறுத்தியிருந்த இடத்திலேயே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மாமாவோடு நின்றேன். சனம் சுற்றி வந்து இது என்ன, பாம்பா, மரக்கறியா என்று கேட்டது. அவர் கல் கட்டிய கதையைக் கச்சேரி ஆங்கிலத்தில் அலுக்காமல் சொன்னார். முதற்பரிசு ரிப்பனைச் சேட்டில் குத்தினார்கள். பேப்பருக்குப் படம் எடுக்க வந்த பெட்டை, காயைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். நுனி அவர் சப்பாத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. வாய் கொள்ளாத சிரிப்பு. நான் கைதட்டினேன். கைதட்டத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஏன் என்று கேட்பார்.

மறுநாள் மீன் குழம்பு கேட்டார். வைத்துக் கொடுத்தேன். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். பின்னேரம் கொழும்புக்கு எடுக்கச் சொன்னார். கணவர் ஏதோ ஒரு நம்பரை அழுத்திவிட்டு லைன் கிடைக்கவில்லை என்றார்.

"பரவாயில்லை, வாற கிழமை சொல்லுவம். பரிசுக் கதையைக் கேட்டா அவள் நம்பமாட்டாள். பேப்பரிலை வரட்டும், வாசிச்சுக் காட்டுறன்," என்றார் மாமா.

எனக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை. வெளியே போய்த் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்றேன்.

பேப்பர் வழக்கமாகப் புதன்கிழமை வரும். அந்தக் கிழமை மட்டும் ஒருநாள் முந்தி, செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு மத்தியான ஃபெரிதான். அதுவரைக்கும் நான் கடையில் நின்றேன். கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். மூன்றாம் பக்கத்தில் மாமா, கால் பக்கத்துக்குப் படம். கடைக்காரப் பெண்மணியும் நானும் பார்த்துச் சிரித்தோம். பிறகு அவர் முகத்தை அமைதியாக்கிக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கறுப்புக் கோடு போட்ட ஒரு சின்னப் பெட்டி. எங்கள் கடையில் வேலை செய்யும் அன்புத் தோழியின் மாமியார் கொழும்பில் காலமானார், கணவரை இழந்த பெரியவருக்கும்... இல்லை, மனைவியை இழந்த பெரியவருக்கும் குடும்பத்துக்கும் தீவின் அனுதாபங்கள். என் கண்ணுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரிந்தன. தன் செலவில் போட்டதாக அவர் சொன்னார். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மேட்டில் ஏறி ஓடினேன்.

மாமா வாசல் படியில் இருந்தார். பேப்பர் மடியில் கிடந்தது. கடைசிப் பக்கம் மேலே.

"இது எங்கட வீடோ பிள்ளை?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எப்ப?"

"வியாழக்கிழமை, மாமா."

அவர் நெஞ்சைப் பிடிக்கவில்லை, அழவில்லை. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. பேப்பரைத் திருப்பி மூன்றாம் பக்கத்தைப் பார்த்தார்.

"அப்ப சனிக்கிழமை நான் இப்பிடி நிண்டிருக்கிறன்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஞாயிற்றுக்கிழமை மீனும் திண்டிருக்கிறன். நீதான் போட்டனி," என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. அவர் எழும்பிக் குளியலறைக்குப் போனார். மழைத் தண்ணீரை நம்பி இருக்கிற தீவு, ஒரு வாளிக்கு மேல் ஊற்றினால் எங்களை ஏசுகிறவர். அன்றைக்குத் தலையில் வாளி வாளியாக ஊற்றுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. நான் கதவுக்கு வெளியே துவாயோடு நின்றேன். மத்தியான ஃபெரிக்குக் கூட்டிப்போகக் கணவர் லீவு எடுத்திருந்தார். பெட்ரோல் அடிக்கப் போன இடத்தில் யாரோ கையைப் பிடித்து அனுதாபம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். மாமா ஈரத் தலையோடு வந்து, "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவர் இரண்டு அடி அடித்திருக்கலாம்.

அடுத்த நாளிலிருந்து சனம் வந்தது. கேக், சூப், தோட்டத்துப் பூ. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அவர்களுக்கும் யார் சொன்னார்களோ தெரியாது. குளிர்சாதனப் பெட்டி நிரம்பிவிட்டது. ஒருவராவது குறை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோடிவீட்டு வயதான பெண் மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வியாழக்கிழமையே நடந்ததாமே, மனைவியை இழந்த துக்கத்தை மறைத்துக்கொண்டு கண்காட்சிக்கு வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தீர்களே, எவ்வளவு துணிச்சல் உங்களுக்கு, என்றார். பின்னால் நின்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். மாமா கையை மெல்ல இழுத்துக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு முகமில்லை.

அவர்கள் போனதும், "பிள்ளை, என்னை அந்தப் பேப்பர்க் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போ," என்றார்.

கந்தோர் என்றால் பெரிய அலுவலகம் ஒன்றுமில்லை, கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் பின்னறை. ஆசிரியர் ஒரு நடுவயதுப் பெண். மாமா கதிரையில் இருக்கவில்லை. நின்றுகொண்டே, சொல் சொல்லாகச் சொன்னார். படம் எடுத்தபோது என் மனைவி இறந்தது எனக்குத் தெரியாது, என் வீட்டார் எனக்குச் சொல்லவில்லை, இதை நீங்கள் போட வேண்டும். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த ஃபெரி நேர அட்டவணையைப் பார்த்தேன்.

இது உங்கள் குடும்ப விசயம், போடத் தேவையில்லையே, என்றார் அவர் பணிவாக.

"போட வேண்டும்," என்றார் மாமா. "என் மனைவி செத்த கிழமை நான் சிரித்தேன் என்று நினைக்கிறார்கள். அதைத் துணிச்சல் என்கிறார்கள்."

தன் பெயருக்காக வீட்டு மானத்தைத் தெருவில் விட்டார் என்று என் கணவர் பிறகு குறைப்பட்டார். எனக்கு அப்படிப்படவில்லை. மாமியின் பக்கத்தில் நிற்க அவருக்கு மிஞ்சியிருந்த வழி அது ஒன்றுதான். நாங்கள்தான் மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோம்.

அடுத்த கிழமை வாசகர் கடிதங்களுக்குக் கீழே, தார் றோட்டுச் சண்டைக்கும் காணாமற்போன நாய்க்கும் நடுவில், இரண்டு வரி வந்தது. தீவு முழுக்க வாசித்தது. கடைக்கு வந்தவர்கள் தக்காளி எடுத்தார்கள், மிச்சக் காசு வாங்கினார்கள், ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைக்காரப் பெண்மணி மட்டும் பின்பக்கத்தில் வைத்து, எனக்குத் தெரியாது, என்னை மன்னித்துவிடு, என்று அழுதார். அவர் அழுதது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

ஆனால் எனக்கு மறக்காமல் கிடப்பது கந்தோரிலிருந்து திரும்பி வந்த வழி. மாமா மேட்டில் நாலைந்து தரம் நின்று மூச்சு வாங்கினார். கையில் அந்தப் பேப்பரைச் சுருட்டி வைத்திருந்தார். கடல் தெரிகிற வளைவில் நின்று, கோபமில்லாத குரலில், ஆட்டுக் கதை சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"இனி வீட்டிலை ஏதும் நடந்தா, முதல் பேப்பருக்குச் சொல்லு பிள்ளை. நான் அதிலை பார்த்துக்கொள்ளுறன்."

பழக்கத்தில் "ஓம் மாமா" என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் எதற்கு ஓம் சொன்னேன் என்று விளங்கியது. அவர் தலையாட்டிவிட்டு முன்னே நடந்தார். கையைப் பிடிக்கப் போனேன். தரவில்லை.