புத்தகத்தை மிதித்த பிள்ளை

அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மேலூருக்குப் பக்கத்தில் என் உறவினர் நடத்திவந்த நர்சரிப் பள்ளிக்கு முதல்வராகப் போனேன். பிள்ளைகளுக்கு நான் பெரிய சார்.

எனக்குச் சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம். நிலபுலம் உள்ள குடும்பம். எங்கள் வீட்டில் புத்தகங்கள் சாமி படத்துக்குக் கீழ்த்தட்டில் இருக்கும். தவறிக் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கத்தை நான் இன்றும் விடவில்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளைக்கு நான் செய்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

யூகேஜி டீச்சர் கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் அவர். வந்த புதிதிலேயே படக்கதைப் புத்தகங்கள் வேண்டுமென்று கேட்டார். வாங்கிக் கொடுத்தோம். அவற்றைக் காய்கறிக் கடையில் தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வகுப்பின் நடுவில் வைத்துவிட்டார்.

"ஏம்மா, பீரோ இருக்குல்ல? எதுக்குத் தரையில போட்டு வச்சிருக்க?"

"பீரோவுல வச்சா எட்டாது சார். ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் எடுக்கணும்னா, ரெண்டு நாள்ல கேக்குறதையே விட்டுரும்ங்க."

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விட்டுவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பக்கம் போனால் பிள்ளைகள் பாயில் குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில புத்தகங்களின் ஓரம் கிழிந்திருக்கும். சிலவற்றில் குழம்புக் கறை. எனக்கு மனசு பதறும்.

அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். குளத்தை விட்டு வெளியே வர மறுக்கும் ஓர் எருமையின் கதைதான் அவளுக்கு எப்போதும் வேண்டும். எழுத்துக் கூட்டி வாசிக்க இன்னும் சரியாக வரவில்லை. படத்தைப் பார்த்தே மற்ற பிள்ளைகளுக்குக் கதை சொல்வாள். "ஏய் எருமை, வாரியா இல்லையா? எங்கப்பா ஆட்டோவ எடுத்துருவாரு, பாத்துக்க! அப்புறம் நடந்துதான் வரணும்." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். 'குளம்' என்ற சொல்லை மட்டும், யாரும் சொல்லிக்கொடுக்காமல், எந்தப் பக்கத்தில் இருந்தாலும் விரல் வைத்துக் காட்டுவாள். வாசிப்பு அங்கேதான் தொடங்குகிறது என்பது அத்தனை வருஷம் பாடம் நடத்திய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒருநாள் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது அந்தப் புத்தகம் தரையில் விரிந்து கிடந்தது. அவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பாதமும் படத்துக் குளத்தின் நீல நிறத்தின்மேல். "ஐயோ, தண்ணி சில்லுனு இருக்கு! நீயும் எறங்குடி" என்று பக்கத்துப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் வகுப்பே அடங்கிவிட்டது.

"புத்தகத்தையா மிதிக்கிற? சரஸ்வதிய மிதிக்கிறியா? சாமி கண்ணக் குத்திரும்!"

புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் தோப்புக்கரணம் போடச் சொன்னேன். அவள் அழவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று புரியாத முகத்தோடு காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள்.

மறுநாளிலிருந்து யார் புத்தகத்தைத் திறந்தாலும் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எருமைக் கதையைக் காட்டினால் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்த வார முடிவில் டீச்சர் என் அறைக்கு வந்தார்.

"சார், நீங்க ஒரு தடவை வந்து, சாமி குத்தாதுன்னு அவகிட்ட சொல்லிருங்க சார். நான் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன், நம்ப மாட்டேங்கிறா. பெரிய சார்தான சொன்னாருங்கிறா. நீங்க சொன்னா சரியாப் போயிரும்."

என் அறையிலிருந்து அந்த வகுப்புக்கு ஒரு வராந்தாதான். சொல்ல வேண்டியதும் ஒரே ஒரு வரி. ஆனால் ஒரு டீச்சர் வந்து என்னைத் திருத்துவதா என்ற எண்ணம்தான் முதலில் எழுந்தது.

"புத்தகத்த எப்படி வச்சுக்கணும்னு வீட்டுல பாத்து வளந்திருந்தா, நீ அதத் தரையில போட்டிருக்க மாட்டம்மா" என்றேன்.

நான் எந்த வீட்டைச் சொன்னேன், எந்தத் தெருவைச் சொன்னேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. விளங்க வேண்டும் என்றுதான் சொன்னேன். இத்தனை வருஷமாக, கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தாயிற்று. அது பொய். யோசித்துத்தான் சொன்னேன்.

"எங்க வீட்டுல புத்தகமே கிடையாது சார். அதனாலதான் இதுகளுக்குக் கைக்கு எட்டுற மாதிரி வச்சேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் கை கழுவிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு புத்தகம் பார்க்கலாம் என்று விதி வைத்தேன். சில வாரத்தில் அதுவும் நின்றுபோனது. ஒரு பிள்ளைகூட ஏன் என்று கேட்கவில்லை. டீச்சர் அந்த வருஷ முடிவில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளையையும் வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

சில வருஷம் கழித்து மேலூர் பஸ் ஸ்டாண்டில் அவளுடைய அம்மா என்னை அடையாளம் கண்டு வந்தார். பக்கத்தில் அவள், முதுகில் பெரிய பையோடு.

"சார், நல்லா இருக்கீங்களா? இப்ப நல்லாப் படிக்கிறா சார், ரேங்க் எடுக்கிறா. பாடப் புத்தகத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்தாமத் தொறக்க மாட்டா. எல்லாம் நீங்க அன்னைக்குக் கண்டிச்சது சார்."

நான் அவளிடம், "கதைப் புத்தகம் படிக்கிறியா பாப்பா?" என்று கேட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். "அதெல்லாம் தொட மாட்டேன் சார்" என்றாள், ஏதோ தப்புச் செய்தாயா என்று நான் கேட்டுவிட்டதுபோல.

அம்மா பெருமையாகச் சிரித்தார். சாமி குத்தாது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.