ஆறு பேருக்கான சஹன்

கிளினிக் தாள்களைத் திகதி வரிசையில் அடுக்கும் பொறுப்பு ஒன்பது வயதில் எனக்கு வந்தது. உம்மாவுக்குத் தொழுநோய் என்று உறுதியான பிறகு, சில மாதங்களுக்கு ஒருமுறை திகனயிலிருந்து பஸ் ஏறிக் கண்டிக்குப் போவோம். அங்கே இரத்தம் எடுப்பார்கள். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள் அதில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, ஒரு தாளில் எழுதித் தருவார்கள். மருந்து வேலை செய்தால் அந்த எண் இறங்க வேண்டும். மெதுவாகத்தான் என்றாலும் இறங்கியது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் திகதியைப் பெரிதாக எழுதி பிஸ்கட் டின்னில் வைத்தேன்.

மருந்து எடுத்த அந்த இரண்டு வருடமும் உம்மா எந்தக் கல்யாணத்திலும் சஹனில் உட்காரவில்லை. ஆறு பேர் சுற்றி அமர்ந்து சஹன் என்ற ஒரே பெரிய தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். சாப்பாடு வருமுன் உம்மா ஏதாவது சொல்லிப் புறப்பட்டுவிடுவார்.

கடைசித் தாளைத் தந்த நர்ஸ் சலித்துக்கொண்டார். "மருந்து தொடங்கின கொஞ்ச நாள்லயே மத்தவங்களுக்குத் தொத்தாதுன்னு அப்பவே சொன்னோமே அம்மா. இது நோய் திரும்பி வருதான்னு பாக்கத்தான்."

"எனக்கு வெளங்குது மிஸ். மத்தவங்களுக்குக் காட்ட ஒரு தாள் வேணுமே."

அடுத்த வாரம் கம்பளையில் வாப்பாவின் தங்கையான மாமியின் மகளுக்குக் கல்யாணம். தாளை உம்மா கைப்பையில் வைத்தபோது நான் முகம் சுளித்தேன். "பத்திரமாத் திருப்பித் தாரேன்டா" என்றார்.

பெண்கள் பகுதியில் மாமி, அவரது உறவுக்காரப் பெண்கள் மூவர், உம்மா, நான் என்று ஆறு பேர் அமர்ந்தோம். கை கழுவத் தண்ணீர் வந்தது. நோயில் மடங்கிப்போன உம்மாவின் சுண்டு விரலில் எல்லாருடைய பார்வையும் ஒரு கணம் நின்றது. உம்மா அவசரமாகக் கைப்பையைத் திறந்தார்.

"மச்சி, ரத்தமெல்லாம் பாத்துட்டாங்க. இந்தாங்க..."

மாமி தாளை வாங்கவில்லை. "கல்யாண வீட்டுல என்னத்துக்கு மச்சி இதெல்லாம்? நீங்க தின்னுங்க, நான் வந்தவங்களப் பாத்துட்டு வாறேன்."

குழந்தை அழுகிறதென்று ஒருத்தி எழுந்து போனாள். எனக்கு எந்த அழுகையும் கேட்கவில்லை. மற்ற இருவரையும் பக்கத்துச் சஹனில் ஆள் போதாதென்று யாரோ கூப்பிட்டார்களாம்.

வட்டிலப்ப இனிப்புக் கொண்டுபோன பெண் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஆறு பேருட பங்கும் ஒனக்கா? லக்குதான்டா!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்று கோழித் துண்டுகள் தின்றேன். உம்மா சோற்றில் கைவைக்கவே இல்லை. "எனக்கு வயிறு நெறஞ்சிட்டு, நீ தின்னு" என்றார். நம்பினேன். பிறகு மிச்சத் துண்டுகளை அந்தத் தாளில் பொட்டலமாக மடித்து என் கையில் தந்தார்.

பஸ்ஸில் தாள் முழுவதும் எண்ணெய் ஊறி எண் அழிந்துபோயிருந்தது. என் திகதி வரிசையில் ஒன்று குறைந்துவிட்டதே என்று திகன வரும்வரை அழுதேன். உம்மா ஜன்னல் பக்கம் திரும்பியபடி என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். அன்று அழுதது நான் மட்டும்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.