கால்சா வீட்டில் நான் போட்ட ஊசி

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் தாதியாக வேலை பார்த்தவள் நான். இங்கே இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சா என்ற பகுதியில் ஒரு வயதான அம்மாவை, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவரை, குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். அவருக்குச் சலரோகம். காலையில் இன்சுலின் போட ருமேனியத் தாதி ஒருத்தி வருவாள். நான் பக்கத்தில் நின்று சட்டையை உயர்த்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள்மேல் எனக்குச் சரியான எரிச்சல். அவளுடைய நாடும் இத்தாலியும் ஒரே ஒப்பந்தத்துக்குள் இருப்பதால் அங்கே எடுத்த உரிமம் இங்கேயும் செல்லும். எங்கள் நாட்டோடு அப்படி ஒன்றும் இல்லை. என் உரிமத்தை ஏற்கச் சொல்லி ரோமுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். உரிமம் இல்லாமல் ஊசி தொட்டாள் என்று ஒரு முறைப்பாடு போனால் அந்த விண்ணப்பமும் போய்விடும். நானும் தாதிதான் என்று ஒருநாள் அவளிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு காலை பெருமழை. தெருவெல்லாம் வெள்ளம், வரமுடியாது என்று அவள் அறிவித்தாள். சிஞ்ஞோராவின் சீனியைப் பார்த்தேன், கண்டபாட்டுக்கு ஏறியிருந்தது. வைத்தியர் தொலைபேசியை எடுக்கவில்லை. அம்புலன்சும் தாமதமாகுமாம்.

"நீ போடன்" என்றார்.

"நான் போடக்கூடாது, சிஞ்ஞோரா."

"அப்ப நான் செத்தாப் பிறகு உன்ர கடிதாசி வரட்டும்."

வாய்க்கு மட்டும் குறைவில்லை. வழக்கமான அளவை வயிற்றில் போட்டேன்.

மறுநாள் தாதி வந்து சீனியைப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"நேற்று ஆர் ஊசி போட்டது?"

"நான்தான்" என்றார் சிஞ்ஞோரா. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனுசி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்படியென்றால் ஊசி விபரம் பதிகிற கொப்பியில் கையெழுத்து வைக்கச் சொன்னாள் தாதி. சிஞ்ஞோராவின் கை ஆடிய ஆட்டத்தில் பேனை தாளைத் தாண்டி மேசையிலும் கிறுக்கியது. அந்தக் கையால் கோப்பிகூடக் குடிக்க ஏலாது என்று மூன்று பேருக்கும் தெரியும். இரண்டு வருடமும் போச்சு என்று நினைத்தேன்.

தாதி கொப்பியை மூடிப் பையில் வைத்தாள். வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"சிஞ்ஞோரா நல்லாத்தான் போட்டிருக்கிறா. நாளைக்கு வாறன், கொலேகா."

கொலேகா என்றால் கூடத் தொழில் செய்கிறவள்; இங்கே தாதிமார் தங்களுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள், வேறு யாரையும் அப்படிச் சொல்லமாட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

"அழுதது காணும், கோப்பி ஊத்து" என்றார் சிஞ்ஞோரா.

ரோமிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. பலெர்மோவில் என்னைத் தாதி என்று முதலில் ஏற்றுக்கொண்டவள், நான் அத்தனை நாளும் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்த அந்த ருமேனியக்காரி.