விளங்காத கால்

கருமத்தம்பட்டிக்கு மருமகளாக வந்து இரண்டு வருடமாகிறது. இன்னமும் யாராவது "கொஞ்சம் பேசலாமுங்களா?" என்று கேட்டால் எனக்குத் திக்கென்கிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கதைப்போம். பேசுவது என்றால் ஏசுவது. இதை நான் சிரித்துக் கடந்துவிடுவேன். ஆனால் ஒரு சொல் என்னைப் படுக்கையிலேயே போட்டுவிட்டது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில், முதுகில் ஊசி போட்டு சிசேரியன் செய்து, மகள் பிறந்தாள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கிடந்தேன். முகக்கவசம் போட்ட நர்ஸ் காலைத் தட்டி வேகமாக ஏதோ கேட்டார். "எனக்கு விளங்கேல்லை" என்றேன். அவர் பதறிவிட்டார்.

"டாக்டருங்க! இந்த அம்மணிக்குக் காலு விளங்கலீங்களாமா!"

கால் செயலிழந்துவிட்டதென்று நாலு பேர் ஓடிவந்து என் கால்களைச் சூழ்ந்து நின்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. மாலையில் மரப்பு விட்டது, கிள்ளினால் வலித்தது, ஆனால் கால்கள் எழும்பவில்லை. மறுநாளும் அப்படியே. தொட்டிலில் பிள்ளை வீரிட்டு அழ, இரண்டடி தூரம் போய்த் தூக்க முடியாமல் நானும் அழுதேன். என் கணவர் செந்தில் தறிப்பட்டறையைப் பூட்டிவிட்டு ஸ்கேன் அறை வாசலிலேயே கிடந்தார்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. நரம்பு டாக்டர் கேட்டார்: "காலு விளங்கலைன்னு மொதல்ல யாருங்க சொன்னது?"

நர்ஸ் என்னைக் காட்டினார்.

"நானோ? நீங்கள் கேட்டது புரியேல்லை எண்டெல்லோ சொன்னனான்!"

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நரம்பு நல்லா இருக்குதுங்க. பயத்துல மூளைக்குக் காலை நடத்துற வழி மறந்துபோச்சு. நீங்க நடிக்கலீங்க. இது நெசமான கஷ்டந்தான். சரியாயிரும்."

நடிக்கவில்லை என்று அவர் சொன்னதற்குத்தான் அதிகம் அழுதேன்.

பிசியோதெரபி செய்யவந்த சரண்யா என்னை எழுப்பி நிறுத்தினாள். முன்னால் ஒரு அடிகூட வரவில்லை. "அப்ப பின்னால நடந்து பாருங்க்கா" என்றாள். நடந்தேன்! மறந்தது முன்வழி மட்டும்தானாம். முன்னால் நடக்க இன்னும் மூன்று வாரம் பிடித்தது.

ஆகவே வீட்டுக்கு வந்த அன்று சக்கர நாற்காலி வேண்டாமென்று காரிலிருந்து இறங்கினேன். மாமியார் பிள்ளையோடு முன்னே போனார். செந்தில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள, பின்பக்கமாகவே நடந்தேன். பக்கத்து வீட்டு அக்கா மதிலோரம் நின்று கேட்டார்: "ஏனுங்கம்மணி, உங்கூர்ல பெத்துட்டு வந்தா இப்பிடித்தான் ஊட்டுக்குள்ள போவாங்களா?"

மூச்சு வாங்கியதில், ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கில் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். அவர் பக்தியோடு கைகூப்பினார்.

அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, முதுகை வீட்டுக்குள் கொடுத்து ஏறினேன். முகம் கடைசிவரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது.