பதினோரு விதிகளுக்கு ஒரு வாட்ச்மேன்

காட்டைக் காவல் காக்கிறவனுக்குக் கையில் கம்பு கொடுப்பார்கள். ஊருக்குள் இருக்கிற காட்டைக் காவல் காக்கிறவனுக்கு ஒரு போர்டு கொடுப்பார்கள்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில் ஒரு சின்ன டவுனில் அப்படி ஒரு போர்டுக்குக் கீழே இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். ஊர் ஏரியையும் கரையோரத் தோப்பையும் ‘இயற்கைக் காப்பிடம்’ என்று தொண்ணூறுகளில் அறிவித்தார்கள். பதினோரு விதிகள் எழுதினார்கள். பதினொன்றையும் அமல்படுத்த வாட்ச்மேனாக என்னைப் போட்டார்கள். அபராதம் போடும் அதிகாரம் கிடையாது, விசில் மட்டும் உண்டு. ‘இங்கே கூடாதுங்க’ என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோன வாசகர் யாராவது இருந்தால், அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்.

ஏரிக்கு நடுவே நாற்பத்து மூன்று கருவேல மரங்கள் இருந்தன. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரைகள் வந்து அவற்றில் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணீர், மரம் முழுக்க முள். நாய், பூனை எதுவும் குஞ்சை நெருங்க முடியாது. அதனால்தான் வருஷம் தவறாமல் இங்கே வந்தன. பதினோரு விதிகளும் எனக்கு அந்த நாற்பத்து மூன்று மரங்களுக்காகத்தான். அவை போய்விட்டால் நாரைகளுக்கு இங்கே வேலையில்லை, எனக்கும் இல்லை.

முதல் விதி

‘மரங்களில் ஆணி அடிக்கக் கூடாது’ என்பது முதல் விதி. விதிகள் எழுதிய தகர போர்டை எடுத்துக்கொண்டு ஓவர்சியர் வந்தார். நட்டு வைக்க இரும்புக் கால் இன்னும் வந்து சேரவில்லையாம். வாசலில் இருந்த பெரிய புங்க மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். ஆள் ஏறினான். விரல் நீள ஆணி ஆறு இறங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்து அன்றைக்கு மூன்றாவது நாள், ரத்தம் சூடாக இருந்தது. “சார், முதல் வரியே இதுதான் சார்” என்று காட்டினேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“போர்ட்ட மாட்னாதானப்பா விதியே ஆரம்பிக்குது? அதுக்கு முன்னாடி அடிச்ச ஆணிலாம் கணக்குல வராது.”

காய்ந்த விறகு

பதினோரு விதிகளில் இரக்கம் உள்ள விதி நான்காவதுதான். பச்சை மரத்தை வெட்டக் கூடாது, காய்ந்த விறகை எடுத்துக்கொள்ளலாம். எழுதினவர் வீட்டில் விறகடுப்பு இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு கோடையில் தோப்பில் இருந்த வேப்ப மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காய ஆரம்பித்தன. நோய் என்று நினைத்தேன். யார் யாரையோ கேட்டு, எரு கொண்டுவந்து கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். நாலாவது மரத்துக்கு ஊற்றும்போதுதான் குடம் கைநழுவியது, குனிந்தேன், பார்த்தேன். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை சுத்தமாக உரிக்கப்பட்டிருந்தது. மேலே சாணியும் மண்ணும் குழைத்துப் பூசி மறைத்திருந்தார்கள். ஐந்து நாள் கழித்து அஞ்சலை மாட்டினாள். பக்கத்துக் காலனியில் இருந்து மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போகிறவள், மூன்று பிள்ளைகள், வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம். விசிலை ஊதிக் கத்து கத்தென்று கத்தினேன். அவள் விறகுச் சுமையை இறக்கி வைத்துவிட்டு, நியாயம் பேசும் குரலில் கேட்டாள்:

“பச்ச மரத்துல நான் எங்கண்ணா கத்தி வச்சேன்? காயட்டும் காயட்டும்னு ரெண்டு மாசமா காத்துக்கினு இல்ல இருந்தேன்?”

வாக்கிங் போகிறவர்கள்

ஊரில் சர்க்கரை வியாதி பெருகியதும் ஏரிக்கரையில் வாக்கிங் போகிறவர்கள் பெருகினார்கள். அவர்களுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர். ரிட்டயர் ஆன ஆபீசர், சலவைச் சட்டை. புதரில் பாம்பு இருக்கிறது என்று மனுக் கொடுத்தார், புதரை எடுத்தார்கள். புதரோடு கௌதாரிகளும் போயின. தண்ணீர் நாற்றமடிக்கிறது என்று மனுக் கொடுத்தார், பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். நத்தை செத்து மிதந்தது. நாரை எதைத் தின்னும் என்று நான் போய்க் கேட்டதற்கு, அது எந்த விதியில் வருகிறது என்று ஆபீசில் திருப்பிக் கேட்டார்கள்.

ஒருநாள் மேலே பறந்த நாரை அவர் தோளில் தன் வேலையை முடித்துவிட்டது. நேராக என்னிடம் வந்தார். துடைக்கக் கூட இல்லை, சாட்சிக்காக அப்படியே வைத்திருந்தார்.

“பறவைங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கீங்களே, அதுங்க நமக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு எங்கய்யா போட்டிருக்கு?”

நம்பர்

இனி வருவதைச் சிரித்துக்கொண்டே எழுத எனக்குத் திராணி இல்லை.

விதிகளைத் திருத்தி, காப்பிடத்தில் உள்ள பெரிய மரங்களுக்கெல்லாம் நம்பர் போட்டுப் பதிவு செய்யச் சொன்னார்கள். நம்பர் இருந்தால் ஒரு மரம் குறைந்தாலும் தெரிந்துவிடும். என் சர்வீஸில் வந்த ஒரே உருப்படியான உத்தரவு என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏரியில் உள்ளவற்றில் ஆரம்பிக்கலாம் என்று, ஏரி காய்ந்திருந்த சித்திரை மாதத்தில், வெள்ளை பெயிண்ட் டப்பாவோடு இறங்கினேன். கருவேலம்பட்டை கரடுமுரடானது, பெயிண்ட் நிற்காது. தேய்த்துச் சுத்தம் செய்து, கறுப்புக் கட்டம் போட்டு, அதன்மேல் வெள்ளையில் ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை எழுதினேன். முள் குத்திக் கை வீங்கியது. கரையில் இருந்து பார்த்தாலே நம்பர் தெரியும்.

எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறேன். அதற்குச் சில வருஷம் முன்புதான் நாலுவழிச் சாலை போட எங்கள் பக்கத்துப் புளிய மரங்களை எல்லாம் வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதினார்கள். நம்பர் விழுந்த மரம் போகப்போகிற மரம் என்பது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவருக்குக்கூடத் தெரியும்.

தை மாதம். மரத்துக்கு மரம் கூடு, கூட்டுக்குக் கூடு குஞ்சு. ஏரியில் மண்டிக்கிடந்த வேலிக்காத்தானை, அதாவது சீமைக்கருவேலத்தை, எடுக்க ஒரு காண்ட்ராக்டருக்கு உத்தரவு போயிருந்தது. மார்ச்சுக்குள் முடிக்க வேண்டுமாம். அவர் ஆட்கள் வந்த அன்றைக்கு நான் ஊரில் இல்லை. காப்பிடங்களைப் பராமரிப்பது எப்படி என்று விழுப்புரத்தில் ஒருநாள் பயிற்சி. போயே ஆக வேண்டும் என்றார்கள். போனேன், தயிர்சாதம் கொடுத்தார்கள். சாயந்திரம் பஸ்ஸில் இருந்து இறங்கியபோதே ஏரிக்கு மேலே நாரைகள் உட்கார இடமில்லாமல் சுற்றுவது தெரிந்தது.

நாற்பத்து மூன்றும் கிடந்தன. கூடுகள் தண்ணீரில் மிதந்தன. சேற்றில் விழுந்த குஞ்சுகளில் சில அப்போதும் வாயைத் திறந்து திறந்து மூடின. வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கி, அள்ள முடிந்ததை அள்ளிக் கரையில் வைத்தேன். விடிவதற்குள் அவையும் போய்விட்டன. வேலிக்காத்தான் மட்டும் ஒரு கிளை குறையாமல் அப்படியே நின்றது. அறுக்கிற மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தேன். அவர் கையை விலக்கிவிடக்கூட இல்லை, குழப்பத்தோடு என்னைப் பார்த்தார்:

“இன்னா சார் பேஜார் பண்ற? நம்பர் போட்டத மட்டுந்தான் எடுத்தோம், நம்பர் இல்லாத மரத்துல ஒரு எலையக்கூட தொடல சார்.”

விசாரணை

ஏரி வற்றிய பிறகு பெரிய அதிகாரி விசாரணைக்கு வந்தார். காண்ட்ராக்டரிடம் உத்தரவு இருந்தது: ‘ஏரியினுள் உள்ள மரங்கள்’ என்று எழுதியிருந்தது, எந்த மரம் என்று எழுதவில்லை. என் ரிஜிஸ்தரில் நாற்பத்து மூன்று மரங்கள் வரிசையாக இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காகிதத்தில் யார் மேலும் தப்பு இல்லை.

ஏரிக்குள் கூட்டிப்போனேன். அன்றைக்கு நின்ற தண்ணீருக்கு மேல் இரண்டு அடி விட்டு அறுத்திருந்ததால் அடிமரத்தில் நம்பர்கள் இன்னும் இருந்தன. “இது யார் எழுதுனது?” என்றார். “நான்தாங்க” என்றேன். தப்பு என் மேல்தான் என்று சொல்லப் போகிறார், சஸ்பெண்ட் பண்ணப் போகிறார் என்று நினைத்தேன். பண்ணட்டும் என்றுதான் நின்றேன். யாராவது ஒருத்தரைத் தண்டித்தால் அந்த மரங்களுக்கு ஒரு மரியாதையாக இருக்கும். அவர் பதினேழாம் நம்பர் அடிமரத்தின் முன்னால் குனிந்து, கட்டத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“கையெழுத்து நல்லா இருக்குதேப்பா! பக்கத்து ஏரியையும் காப்பிடத்துல சேர்க்கப் போறோம், அங்க இருக்கிற மரத்துக்கும் நீயே நம்பர் போட்டுக் குடுத்துடு.”

பெயிண்ட் தீர்ந்துவிட்டது, பிரஷ் வரவில்லை, முதுகு வலிக்கிறது என்று ரிட்டயர் ஆகும் நாள்வரை சாக்குச் சொல்லி நான் செய்யாமலே விட்ட வேலை அது ஒன்றுதான், இருபது வருஷத்துக்கு மேல் காவல் இருந்து நான் காப்பாற்றிய மரங்களும் அவை மட்டும்தான்.